பதினேழாம் தேதி வரை தரை தெரியும்

ஜூன் 1, திங்கள்

உறுதியானது: மேட்டூர் அணை 12ஆம் தேதி காலை திறப்பு. ஆதாரம்: நீர்வளத் துறை உதவிப் பொறியாளர், தொலைபேசியில், மாலை 4.10.

கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள். அங்கிருந்து நாணற்குடி வாய்க்கால் பிரியும் தலைப்புக்கு இரண்டு நாள். ஆக, 17ஆம் தேதி காலை வரை வாய்க்காலின் தரை தெரியும். அதற்குப் பிறகு, தூர் வாரினார்களா இல்லையா என்பதைத் தண்ணீர் மூடிவிடும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது ஆகஸ்டில் எழுதி என்ன பயன்? அப்போது யாரும் தரையைக் காட்டச் சொல்ல முடியாது.

உறுதியாகாதது: லேப்டாப்பில் வைஃபை ஏன் வரவில்லை. சனிக்கிழமை ஜாஃபர் சாதிக்கின் கடையில் கொடுத்து விண்டோஸை மேம்படுத்தி வாங்கினேன். பழையதோடு இருந்தால் செய்தி அனுப்பும் மென்பொருள் ஜூன் முதல் திறக்காது என்று அலுவலக உத்தரவு. வீட்டில் திறந்தால் பட்டியலே காலி. எங்கள் வைஃபையும் இல்லை, பக்கத்து வீட்டாருடையதும் இல்லை. இந்தத் தெருவில் யாருமே குடியிருக்காததுபோல.

ஜாஃபருக்குப் போன் செய்தேன். "அண்ணே, கொண்டாங்க, பார்த்துடுவோம்" என்றார். பன்னிரண்டு வருடமாக என் கணினிகளைப் பார்ப்பவர்.

ஜூன் 2, செவ்வாய்

கொண்டுபோகவில்லை. காரணத்தை எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை கடையில் ஒரு பிரிண்டர் கிடந்தது. மேலே ஒட்டியிருந்த பெயர் நாணற்குடி தூர் வாரும் வேலையை எடுத்த ஒப்பந்ததாரருடையது. அன்றைக்குப் பார்த்தேன், மனதில் பதியவில்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது பதிந்தது.

லேப்டாப்பில் இருப்பது 63 படங்கள். ஐம்பத்தேழு, வாய்க்காலின் படங்கள். ரோட்டுப் பாலத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெட்டியிருக்கிறார்கள், வளைவுக்கு அப்பால் நாணலும் வெங்காயத்தாமரையும் அப்படியே. நானே நடந்து பார்த்தேன், வேலை நடந்தது 900 மீட்டர். மீதி ஆறு படங்கள், முடிந்த வேலையை அதிகாரிகள் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். அதில் 4.2 கிலோமீட்டர் முடிந்ததாகக் கையெழுத்து.

படங்களைத் தந்தவரின் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். ஒரு பூவரசு மரத்தடியில் தந்தார், பூவரசு என்றே எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தைத் தொடுகிற மூன்று பேரில் அவர் ஒருவர். அவர் நிபந்தனை ஒன்றுதான்: "எந்தப் போன்லயும் ஏத்தாதீங்க சார். வேற யார் கம்ப்யூட்டர்லயும் செருகாதீங்க." சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 3, புதன்

போனைக் கேபிளில் இணைத்து இணையம் எடுத்துப் பார்த்தேன். இணைந்ததாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை.

மருத்துவக் கல்லூரி சாலையில் வேறு கடை. அங்கிருந்த பையன் திறந்துகூடப் பார்க்காமல் "வைஃபை கார்டு போயிருக்கும்" என்றான். விரல் நுனி அளவு ஒரு வைஃபை கருவியைத் தந்தான், வெளியிலிருந்து செருகுவது. அதிலும் வரவில்லை. அவன் தலையைச் சொறிந்தான்.

உறுதியானது: கார்டில் பழுதில்லை. ஒரே நாளில் மூன்று வழியும் தானாக அடைபடுமா? யாரோ அடைத்திருக்கிறார்கள்.

ஜூன் 4, வியாழன்

திருச்சியில் செய்தி ஆசிரியர் இராஜாங்கத்திடம் பேசினேன். பென்டிரைவோடு நேரில் வரட்டுமா?

"வந்து என்னய்யா பண்ணுவீங்க? இங்க எந்த சிஸ்டத்துலயும் பென்டிரைவ் ஏறாது, போன வருஷமே பூட்டிட்டாங்க. மூலப்படம், தேதியோட, உங்க லாகின்ல வரணும். அதுதான் இப்ப முறை."

"லேப்டாப்பையே கொண்டுவந்தா?"

"அதுக்கு இங்க வைஃபை மட்டும் தனியாவா வரும்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 5, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. ஜாஃபர் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஏன் இவ்வளவு அக்கறை?

ஜூன் 6, சனி

காலை 11 மணிக்கு ஜாஃபரின் கடைக்குப் போனேன். எண்ணிப் பார்த்தேன், நாலு பேர் இருந்தார்கள்: ஜாஃபர்; முன்பக்கம் ஜெராக்ஸ் போடும் அவர் அக்கா ஜன்னத் பீவி; சான்றிதழ் நகல் எடுக்க வந்த ஒரு பெண்; ஆதார் அட்டையோடு ஓர் ஆட்டோக்காரர்.

நின்றுகொண்டே கேட்டேன். "யார் சொல்லி அடைச்சீங்க ஜாஃபர்? உள்ள இருந்த படத்தை யாருக்குக் கொடுத்தீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் பிரிண்டரைக் காட்டினேன். பெயரைப் படித்தார். முகம் மாறியது. குற்றம் பிடிபட்ட முகம் என்று அப்போது நினைத்தேன்.

ஜன்னத் பீவிதான் பேசினார். "அந்த டப்பா போன தீபாவளிக்கு முந்தி வந்தது. எடுத்துட்டுப் போக ஆளு வரல. அது மேலதான் நான் டீ டம்ளரை வைக்கிறேன். பேப்பர்காரரு, அதையும் எழுதிக்குங்க."

ஜாஃபர் சொன்னது ஒரே வாக்கியம்: "வச்சுட்டுப் போங்க சார், பார்க்கிறேன்." வைக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

தேவாலயத்தில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மாலை பூவரசைப் பூதலூர் ரயில் நிலையத்தில் பார்த்தேன், எங்கள் இருவரையும் அறிந்தவர் அங்கே இல்லை. எச்சரிப்பது என் கடமை என்று நினைத்தேன். லேப்டாப்பில் யாரோ கை வைத்திருக்கலாம் என்றேன்.

"அப்ப புத்தகப் பக்கத்தைப் பார்த்திருப்பாங்களா?"

"தெரியல."

"தெரியலன்னா என்ன சார் அர்த்தம்? பொண்ணுக்கு காலேஜ் சேர்ற நேரம். ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டா நான் என்ன பண்ணுவேன்? வேணாம். விட்டுடுங்க."

நடைமேடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார். ரயில் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 8, திங்கள்

மனைவி எல்சியிடம் சொன்னேன். செவிலியர் வேலையில் முப்பது வருடம் இருந்தவள். கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆள் சொன்னா செய்தி இல்ல, ரெண்டாவது ஆள் வேணும்னு எத்தனை பேருக்குக் கிளாஸ் எடுத்திருக்கீங்க?"

"ஆமா."

"ஜாஃபர் விஷயத்துல உங்க ரெண்டாவது ஆள் யாரு?"

குறிப்பேட்டைப் புரட்டினேன்.

"சரி, மொதல் ஆள் யாரு?"

பிரிண்டர் ஓர் ஆளா?

ஜூன் 9, செவ்வாய்

ஆனாலும், மூன்று வழியும் எப்படி அடைபடும்? அது உண்மைதானே? யாரோ செய்யாமல்—

எட்டு நாள் இருக்கிறது.

ஜூன் 10, புதன்

உண்மை இது. ஆதாரம்: என் கண்.

வேறு வழியில்லாமல் லேப்டாப்போடு ஜாஃபர் கடைக்குப் போனேன். "பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன்" என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். திரையை என் பக்கம் பாதி திருப்பிவைத்தார்.

கார்டைப் பார்த்தார், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக ஏற்றினார், மறுபடி இயக்கினார். பட்டியல் காலிதான். பிறகு வைஃபை கார்டின் விவரப் பெட்டியைத் திறந்து, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லறை நிரல்களின் வரிசையை மேலிருந்து கீழே படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ன சார்? இது நான் போட்டதில்ல."

பெயரைப் பார்த்தேன். எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் சென்னையில் நிருபர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. செய்தி எங்கிருந்து போகிறது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாமல் மறைவாக அனுப்ப ஒரு விபிஎன் மென்பொருளைத் தந்தார்கள். என்னோடு வந்தவர்கள் அதை ஒரு வாரத்தில் மறந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் போட்டேன். லேப்டாப்பின் வேகம் குறைகிறது என்று இரண்டு வருடத்தில் நிறுத்தினேன். திரையில் இருந்த அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டேன். நீக்கிவிட்டதாகவே எண்ணம்.

"நீங்க தூக்கிப் போட்டது பேர்ப்பலகையை. கடை உள்ளேயேதான் இருந்திருக்கு" என்றார் ஜாஃபர். வெளியே போகிற எல்லாப் பாதையிலும், கேபிளிலும்கூட, அது குறுக்கே நின்று சோதிக்குமாம். பழைய விண்டோஸோடு ஒத்துப்போனது. புதியதற்கு அதன் பேச்சு புரியவில்லை. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை.

அதாவது, ஒட்டுக்கேட்பார்கள் என்று பயந்து நான் வைத்த காவலாள்தான் என்னை உள்ளே வைத்துப் பூட்டியது. ஒப்பந்ததாரர் இல்லை. ஜாஃபர் இல்லை.

கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து இரண்டு வரி அடித்தார். அதன் வேர் அழிந்ததை எனக்குக் காட்டினார். மறுபடி இயக்கினார். பதினேழு வைஃபைப் பெயர்கள் வந்து விழுந்தன. பக்கத்து மருந்துக் கடையிலிருந்து மாடியில் இருக்கும் டியூஷன் சென்டர் வரை.

"சிக்னல் வருது சார். உங்க பாஸ்வேர்டை நீங்களே அடிச்சுக்கோங்க. நான் திரும்பிக்கிறேன்."

சொன்னதோடு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். பன்னிரண்டு வருடமாக "அண்ணே". சனிக்கிழமையிலிருந்து "சார்".

ஜூன் 11, வியாழன்

பூதலூர். பூவரசிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப யாருமே பார்க்கலையா?"

"யாரும் பார்க்கல. என் கோளாறு. நான்தான் உங்களைப் பயமுறுத்திட்டேன்."

"நாலு நாளா சோறு இறங்கல சார். ஆபீஸ்ல யார் சிரிச்சாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு." பிறகு: "வாய்க்கால் படத்தைப் போடுங்க. புத்தகப் பக்கம் வேணாம். அதுக்கு இனிமே எனக்குத் தைரியம் இல்ல."

ஆறு பக்கமும் போயிற்று. யாரும் மறுத்துப் பேச முடியாத ஆதாரம் அவை. அவரிடம் இருந்த தைரியத்தைக் கெடுத்தவன் நான், வேறு யாரையும் சொல்ல முடியாது. லேப்டாப்பைத் திறந்து அவர் பார்க்க ஆறையும் அழித்தேன், குப்பைத்தொட்டியிலிருந்தும். இந்த முறை சரிபார்த்தேன்.

ஜூன் 12, வெள்ளி

மேட்டூர் திறந்தாயிற்று.

உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டேன். நாணற்குடி எவ்வளவு முடிந்தது? "4.2, முழுக்க முடிஞ்சுது." உங்கள் பெயரில் எழுதலாமா? "தாராளமா எழுதுங்க." புத்தகம் சொன்னதை அவர் வாயாலேயே வாங்கியாயிற்று. புத்தகப் பக்கம் அளவுக்கு வலு இல்லை. நாளை அப்படிச் சொல்லவில்லை என்பார். என் குறிப்பேட்டில் நேரம் இருக்கிறது: 11.25.

செய்தியும் 57 படங்களும் மாலை 5.40க்கு வீட்டு வைஃபையில் போயின. இராஜாங்கம்: "வந்துருச்சு. ஞாயிறு போடுறேன்."

ஜூன் 13, சனி

எங்கள் பத்திரிகையில் ஒரு முறை உண்டு. தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில் வரவேண்டும். முதல் பக்கத்தில் ஒருவரைத் திட்டிவிட்டு ஒன்பதாம் பக்கத்தில் வருத்தம் தெரிவிப்பது திருட்டுத்தனம் என்று புதியவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை, 11 மணி, அதே கடை. போய் நின்றேன்.

ஜன்னத் பீவி: "அன்னிக்குக் கேட்ட ரெண்டு பேரும் இன்னிக்கு இல்லையே. சுவத்துக்கா சொல்லப்போறீங்க?"

நியாயமான கேள்வி. ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன்:

'திருத்தம். ஜூன் 6 காலை 11 மணிக்கு இந்தக் கடையில் ஜாஃபர் சாதிக் அவர்கள் மீது நான் சுமத்திய குற்றச்சாட்டு தவறு. என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. கோளாறு நான் வைத்த மென்பொருளால் வந்தது. — வேதநாயகம், நிருபர்.'

ஜாஃபர் படித்தார். "இதெல்லாம் எதுக்கு சார்" என்று மடிக்கப்போனார். ஜன்னத் பீவி பிடுங்கிக்கொண்டார். "நீ சும்மா இரு. பேப்பர்காரரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது தினமுமா கிடைக்கும்?" ஜெராக்ஸில் பெரிதாக்கிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். பிரிண்டரின் மேலேயும் ஒன்று.

ஜூன் 14, ஞாயிறு

ஐந்தாம் பக்கம். மூன்று படம். 'முடிந்தது 4.2 கி.மீ. என்கிறார் அதிகாரி, கண்டது 900 மீட்டர்'.

ஜூன் 17, புதன்

உறுதியானவை: தண்ணீர் காலை 6.50க்கு நாணற்குடி தலைப்புக்கு வந்தது. நான் அங்கே இருந்தேன். வாய்க்காலின் ஷட்டரைத் திறக்கவில்லை. செய்தி வந்த பிறகு அனுப்பப்பட்ட ஆய்வுக் குழு நேற்று மாலை வளைவுக்கு அப்பாலும் நடந்து பார்த்தது. குழுவோடு நடந்த விவசாயிகள் இருவர் தனித்தனியே சொன்னார்கள். இன்று காலையிலிருந்து இரண்டு இயந்திரங்கள் நாணலை வெட்டுகின்றன. உதவிப் பொறியாளர் '4.2 என்று நான் சொல்லவே இல்லை' என்று மறுப்பு அனுப்பியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். புத்தகப் பக்கம் இருந்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டார்.

பூவரசு நலம். போன் எடுக்கவில்லை, நலம் என்பது வேறொருவர் சொன்னது, ஒரே ஆள்.

திரும்பும் வழியில் ஜாஃபர் கடை. மழைச் சாரலில் கதவுத் தாள் ஓரம் சுருண்டிருந்தது. கிழித்துவிடலாமே என்றேன். ஜன்னத் பீவி ஒரு மாதம் இருக்கட்டும் என்றார். ஜாஃபர் எழுந்து வந்து, தாளின் ஓரத்தை நீவி, புது டேப் ஒட்டினார். "டீ சொல்லட்டுமா சார்?" என்றார்.

நிலுவை: ஷட்டர் திறப்பு, 20ஆம் தேதி என்கிறார்கள். ஆய்வறிக்கை, திங்கள் 22. மூன்றாவது ஒன்று உண்டு, "அண்ணே". அதற்குத் தேதி தெரியவில்லை.

டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.