வேறு பெட்டியில் ஓடினால்தான் நம்புவேன்

பூந்தமல்லி

அன்பு மகள் மர்வாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காப்பில் இங்கே எல்லோரும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் ஃபிசாக் குட்டியும் அப்படியே இருக்க துவா செய்கிறேன். இந்தக் கடிதம் முழுக்க என் கைப்பட எழுதியது, உன் தம்பி ஷாருக் எழுதித் தந்தான் என்று நினைக்காதே, சந்தேகம் இருந்தால் 'ழ'வைப் பார், அவன் 'ழ'வுக்கு இவ்வளவு நீள வால் வராது. முதியோர் வகுப்பில் எழுதக் கற்றதிலிருந்து ஒரே சந்தோஷம், என்ன, ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது.

விஷயம் இதுதான், வீட்டுக் கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட்டுத் தானே அணைந்துவிடுகிறது. ஷாருக் கல்யாண வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது, எடுத்தவன் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டான். உன் அம்மா குல்ஷன் உயிரோடு இருந்தவரை தன்னைப் படம் எடுக்க விட்டதில்லை, அந்தப் பந்தியில்தான் தெரியாமல் மாட்டினாள். கம்ப்யூட்டர் போனால் அவளும் போய்விடுவாள். உனக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை, பிறகு பென் டிரைவில் போட்டு அனுப்பியதும் உன் கைக்குக் காலியாக வந்தது, நடுவில் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாம் என்றான் ஷாருக், முகம் தெரியாத யாரிடமோ உன் அம்மாவை ஒப்படைக்க எனக்கு மனசில்லை. சிடியில் எழுதினால் யாரும் அழிக்க முடியாதாம். நம் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடம் இல்லை, வெளியே ஒயரில் மாட்டும் டிவிடி ரைட்டர் வேண்டும் என்றான்.

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ பக்கம் ஹேமநாதன் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். முதலில் காட்டியது அட்டை மாதிரி லேசு, டப்பாவில் ஸ்டிக்கரைக் கிழித்து மறுபடி ஒட்டிய தடம். ஆடு வாங்கி விற்ற கை சும்மா இருக்குமா, சிடி வைக்கும் தட்டை வெளியே இழுத்து, பல் பார்ப்பதுபோல விரலால் அசைத்தேன், ஆடியது. இன்னா பாய், ஆட்டுச் சந்தைன்னு நென்ச்சிகினு வந்துட்டீங்களா என்று சிரித்தான். பல்லு ஆடினா கெடா கெழடு நைனா, வேற காட்டு என்றேன். கடைசியில் கனமானதாக, தட்டு ஆடாததாக, கரண்டு போதாமல் பாதியில் நிற்காதபடி இரண்டு முனை ஒயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன்.

ஷாருக் எழுதிய சிடி நம் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது, எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் எழுத்து வகுப்பில் நாம் எழுதியதை நம்மையே படிக்கச் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் படித்தால்தான் அது எழுத்து. அதனால் பக்கத்து வீட்டு இருதயராஜின் பிளேயரில் போட்டேன், ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மிஷின் நல்லாத்தான் கீது பாய், எழுதி முடிச்சிட்டு, இனிமே இதுல எதுவும் ஏத்த மாட்டேன்னு உங்க புள்ள சிடிய மூடல, மூடலன்னா வேற பிளேயர் படிக்காது என்று தன் கம்ப்யூட்டரில் ஏதோ செய்து கொடுத்தான். கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் இருதயராஜ் வீட்டில் போட்டதும் பந்தி வந்தது, உன் அம்மா வந்தாள், பிரியாணியில உப்பு எங்கய்யா என்று சமையல் பண்டாரியை விரட்டினாள். இருதயராஜ் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், அவள் உள்ளே வந்தால் எழுந்தே பழகியவர். நாங்கள் இருவரும் நின்றபடியே பார்த்தோம்.

அதேபோல மூடிய இன்னொரு சிடியை உன் கொழுந்தன் சாஹில் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவனையும் பாதிதான் நம்புகிறேன், வாங்கியதும் கீறல் இருக்கிறதா பார். வெயிலில் அலையாதே, குழந்தைக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடு. அல்லாஹ் உங்களுக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டான்.

ஒன்றை மறக்காதே. சிடி ஓடியது என்று போனில் சொன்னால் நம்ப மாட்டேன். பந்தி முடியும் இடத்தில் காமிராவைக் கண்டு முகத்தை மூடப் போன உன் அம்மா, என்ன நினைத்தாளோ, உன் பெயரைச் சொல்லி ஒன்று சொல்கிறாள். அது என்னவென்று உன் கையால் எழுதி அனுப்பு. யாரையும் கேட்காமல் நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காத உன் அத்தா,
அப்துல் முத்தலிப்