நேற்றே வந்தவளுக்கு

கறிபாப் பலகாரத்தின் வாசனை பட்டாலே ஒரு வாரமாக எனக்குக் குமட்டுகிறது.

போன வாரம் ஈப்போவில் தாதியரான எங்களுக்கு ஒரு பயிற்சி. ஏழை நாட்டு மருத்துவமனைகளில் குழந்தைகள் ஏன் இறந்தே பிறக்கின்றன என்று திரையில் காட்டினார்கள். கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம், கிருமித்தொற்று, பிரசவ வலி நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஆளில்லாதது. தேநீர் இடைவேளையில் ஓர் அதிகாரி கறிபாப்பை மென்றுகொண்டே சொன்னார்: "அதெல்லாம் அந்த நாட்டுப் பிரச்சினைலா. இங்க தாய்மாருங்கதான் லேட்டா வர்றாங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் தலையும் ஆடியது. அருவருப்பு அங்கேதான் தொடங்கியது.

நீ லேட்டாக வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் அன்று, பாகான் டத்தோ பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் வந்தாய். எட்டு மாத வயிறு. ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக இருக்கிறாள் என்ற தைரியத்தில் நேராக என் மேசைக்கு வந்தாய். "காலையிலேருந்து அசையவே இல்ல. கொஞ்சம் பாரேன்."

வார்டு நிரம்பி வழிந்தது. துடிப்பு கேட்கும் கருவி பிரசவ அறையில் இருந்தது. போய் எடுத்து வர எனக்குச் சலிப்பு. "தூங்குதுலா. இனிப்பா ஏதாவது குடிச்சிட்டுப் படு. நாளைக்கு வா" என்றேன். பதிவேட்டில் உன் பெயரைக்கூட எழுதவில்லை.

மறுநாள் துடிப்பு இல்லை.

"ஏன் நேத்தே வரல?" என்று டாக்டர் உன்னை அதட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் மருந்துத் தட்டைப் பார்த்தேன். "வேலை டாக்டர். கவனிக்காம இருந்துட்டேன்" என்றாய். தாய் தாமதமாக வந்தார் என்று அவர் எழுதினார். என் வேலை தப்பியது.

அதன்பிறகு அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்கு முறுக்குகூடக் கொடுத்தனுப்பினாய். எந்த முகத்தோடு அதைத் தின்றேனோ தெரியவில்லை. போன வருடம் சிறுநீரகம் கெட்டு நீயும் போய்விட்டாய்.

இடைவேளை முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அதிகாரி விரலைத் துடைத்துக்கொண்டு, "பழைய கேஸ்லா, விடுங்க மிஸ்ஸி" என்றார். பிறகு திரையில் அடுத்த படம் வந்தது.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"புள்ளைய வயித்துலயே கொன்னுட்டான்னு எங்கம்மா அவள, அவ சாகுற வரைக்கும் ஏசுனாங்கக்கா. நானும் ஒரு தடவ அப்படி ஏசியிருக்கேன்" என்றார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். உன்னைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

"நான்தான் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போதெல்லாம் யாராவது வந்து குழந்தை அசையவில்லை என்று சொன்னால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் அதைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டும் குமட்டுகிறது. அன்று நான் உன் வயிற்றில் கைகூட வைத்துப் பார்க்கவில்லை.