அக்காவின் வெந்நீர் ஊற்று

மார்ச் 4
இன்றும் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "உங்க நிலையம் புதுசா தோண்டுனதுலேருந்துதான் என் ஊத்து ஆறுது. வர்றவங்க தொட்டியில இறங்கி நடுங்குறாங்க." மாமா போன பிறகு அந்த வெந்நீர்க் குளியல் கூடம்தான் அவளுக்குச் சோறு. இப்படியே போனால் மூட வேண்டியதுதான். பூமிக்குள் ஆயிரம் நடக்கும் என்றேன். "ஆயிரமும் உனக்குத் தெரியுமே, சொல்லேன்" என்றாள்.

கோபம் வந்தது. நிலையத்தில் நாங்கள் பூமிக்கடியிலிருந்து வெந்நீராவியை எடுத்து மின்சாரமாக்கி, ஆறிய தண்ணீரைத் திரும்பவும் பாறைக்குள் இறக்குகிறோம். அப்படி இறக்கும் புதுக் கிணற்றுக்கு இடம் பார்த்தது நான். அவள் கூடத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. நடுவே கெட்டிப் பாறை. எத்தனை தடவை சொல்வது?

மார்ச் 11
கிணற்றில் சாயம் விட்டு, அது அக்காவின் ஊற்றில் வருகிறதா என்று பார்க்கலாம் என மேலாளரிடம் கேட்டேன். அவள் வாயை அடைக்க வேறு வழியில்லை. "அக்கா தங்கச்சி சண்டைக்கு நிலையத்துச் சாயமா?" என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

மார்ச் 15
சாயம் இறங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாதபடி கரைந்துவிடும். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால்தான் பச்சையாக ஒளிரும். தினமும் காலையில் அக்கா ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டும். "நான் என்ன உன் ஆளா?" என்றாள். சரி என்றும் சொன்னாள்.

மார்ச் 16
முதல் பாட்டிலே மினுங்கியது! கடைசியில் பார்த்தால், சோப்புத்தூள். துண்டு துவைத்த வாளியில் பாட்டிலைக் கழுவியிருக்கிறாள். "சொல்றத முழுசா சொல்லணும்" என்று எனக்கே திட்டு.

ஏப்ரல் 9
இதுவரை ஒன்றுமில்லை. கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20
ஒளிர்கிறது. மெல்லிய பச்சை. சோப்பு என்றால் நீலமாகத்தானே மினுங்கும்? மேலாளர் எட்டிப் பார்த்து, "மறுபடியும் சோப்புதான். அப்படியே எழுதிடுங்க" என்றார். எழுதினால் முடிந்தது. கிணறும் பிழைக்கும், என் பேரும் பிழைக்கும். அவ கூடம்? ஐயோ, என்ன செய்யறது — எழுதல. கை வரல.

ஏப்ரல் 21
நானே போய்ப் பாறை இடுக்கில், ஊற்று வாயிலேயே பிடித்தேன். அக்கா பின்னால் நின்றாள்.

பச்சைதான். சந்தேகமே இல்லை. கெட்டி என்று நான் நம்பிய பாறையில் எங்கோ ஒரு விரிசல். என் ஆறிய தண்ணீர் அதன் வழியே போய் அவள் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பாட்டிலை மேலாளர் மேசையில் வைத்து, கிணற்றை மூட வேண்டும் என்றேன். "அது உங்க கிணறுங்க." "அதனாலதான் நானே சொல்றேன்."

மாலைவரை அக்காவை அழைக்கத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள். அழுதுவிட்டேன்.

மே 6
கிணற்றை மூடினோம். ஆறிய தண்ணீரை இறக்க இடம் போதாமல் நிலையம் பாதி வேகத்தில் ஓடுகிறது. அடுத்த கிணறு மலைக்கு அந்தப் பக்கம். இடம் பார்க்க வேறு ஆள். வலிக்கிறது. நியாயம்தான்.

ஆகஸ்ட் 13
ஊற்று இன்னும் அப்படியேதான். பாறை திரும்பச் சூடேற நாளாகும் என்றேன். "எவ்வளவு நாள்?" என்றாள். தெரியாது என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை.

பிப்ரவரி 19
"உடனே கிளம்பி வாடி, இங்க ஒரே ரகளை" என்று காலையிலேயே அக்கா. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பெண்கள் தொட்டியின் விளிம்பில் வாடிக்கைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்து, கால் கட்டைவிரலைத் தண்ணீரில் விட்டு விட்டு எடுத்துக்கொண்டு, "நீ மொதல்ல இறங்கு", "ஏன், நீ இறங்கேன்" என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கியிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"சூடு தாங்கலையாம். இதுக்கு என்னடி பண்ணப் போற?" என்று அதட்டி, ஒரு துண்டை என்மேல் எறிந்தாள்.

இறங்கினேன். நன்றாகவே சுட்டது. கழுத்துவரை உட்கார்ந்துவிட்டேன்.