கரைக் குழுக்காரி

மார்ச் 4

காலையில் நான் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போன பயணி, பெண்டாட்டி மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து என் கார் கதவைச் சாத்தினான். கைப்பிடி ஆடுகிறது. அவன் குடும்பச் சண்டைக்கு என் வண்டிதானா கிடைத்தது?

மாலை தங்கை மகளின் கல்லூரியில் கூட்டம். வெளிநாட்டு ஏரி ஒன்றின் தண்ணீரைப் பரிசோதிக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். இவளும் போகிறாள். நாலு பேர் முன்னால் மச்சானுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் நான் போனேன். நான் விமானம் ஏறியதில்லை, சரி. ஏறி இறங்கியவர்கள் அத்தனை பேரும் என் பின்சீட்டில்தானே கதை சொன்னார்கள்? எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றால் யாரும் நம்புவதில்லை.

பேராசிரியை ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, “அங்க என்ன எதிர்பார்க்கிற?” என்று கேட்டார். ஒருவன் பனி என்றான். இவள் எழுந்து, “எனக்கு அங்க…” என்று இழுத்தாள். பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? “என்ன மேடம், தண்ணியில எறக்கி விடுங்க, மீனே வழி விடும். நடு ஏரிக்குப் போய் அள்ளிட்டு வருவா” என்றேன். கூட்டமே கைதட்டியது. முன்வரிசையாவது தட்டியது.

திரும்பும்போது வண்டியில் அவள் பேசவில்லை. சந்தோஷம்தான்.

மார்ச் 9

சந்தோஷம் இல்லையாம்.

பேராசிரியை அவளைப் படகுக் குழுவில் போட்டுவிட்டார். இவள் ஆசைப்பட்டது ஆய்வுக்கூடமாம். சொட்டுத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஓடுமாம், அதைப் பார்க்கத்தான் போகிறாளாம். அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. படகுக் குழுவுக்கு நீச்சல் பரீட்சை வேறு. தேறாவிட்டால் பயணமே இல்லை.

“எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?”

“கையக் கால ஆட்டினா மிதக்கப்போற. அதுக்கு ஒரு பரிட்சையா?”

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். என்னைச் சுற்றி எல்லோருக்கும் கதவுதான் கிடைக்கிறது.

நான் என்ன சத்தியமா செய்து கொடுத்தேன்? சபையில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை தூக்கிச் சொல்வது ஊர் உலகத்தில் இல்லாததா? அவ்வளவு படித்த பேராசிரியை அம்மாவுக்குப் பேச்சுக்குச் சொல்வது எது, நிஜம் எது என்று தெரிய வேண்டாமா?

மார்ச் 10

தங்கை தேநீர் டம்ளரை என் முன்னால் வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். வைக்கட்டும்.

மார்ச் 11

வழி கண்டுபிடித்துவிட்டேன். காதில் சீழ், தண்ணீரே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் போய்ச் சொல்வது. ஊரில் எனக்குத் தெரியாத டாக்டரா? பாதிப் பேர் என் வண்டியில் ஏறியவர்கள்.

“போன பொய்யே இன்னும் காயல மாமா. நீங்க வராதீங்க. நானே பேசிக்கறேன்.”

“உனக்குப் பேச வருமா?”

“அன்னைக்கு என்ன எதிர்பார்க்கறன்னு கேட்டாங்கல்ல, இப்ப சொல்றேன். என் வாயால நானே பேசற ஒரு இடம். அவ்ளோதான்.”

“அதுக்கு விமானம் ஏறணுமா?”

“ஏறித்தான் ஆகணும் போலருக்கு.”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்த அன்றிலிருந்து இவளுக்காக நான்தான் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், எங்கே இல்லை? அதற்கு இதுவா? இன்று எதிரில் வந்த வண்டி ஒன்றையும் விடவில்லை, ஹாரன் தேய்ந்துவிட்டது.

மார்ச் 13

கல்லூரிக்கு எதிரில் நல்ல நிழல். அங்கே வண்டியைப் போட்டு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயல்தான். இவள் வெளியே வந்து முன்சீட்டில் ஏறினாள்.

“நிஜத்தச் சொல்லிட்டேன். கரைக் குழுவுல போட்டாங்க. பாட்டில் தூக்கற வேலை. சாயங்காலம் ஆய்வுக்கூடத்துல கண்ணாடிச் சாமான் கழுவணும். நேரமிருந்தா மைக்ராஸ்கோப்புல பாத்துக்கலாமாம்.”

எங்கள் வீட்டுப் பெண் பாட்டில் கழுவவா கடல் தாண்டுகிறாள்? உள்ளே போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கதவைத் திறந்தேன்.

“உக்காருங்க மாமா. நான் திட்டு வாங்கினது போதும்.”

“உன்ன எதுக்குத் திட்டறாங்க?”

“அன்னைக்கே ஏன் மறுக்கலன்னு.”

“ஆமா, ஏன் மறுக்கல?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அத்தன பேர் முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?”

இதற்கும் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

மார்ச் 20

கைப்பிடி மாற்றியாயிற்று. அந்த ஏரியின் கரை முழுக்க இவள் பொறுப்பு என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். கரைக் குழு என்றால் அதுதானே அர்த்தம்?

ஏப்ரல் 2

விமான நிலைய வாசலில் காவலர் ஜன்னலுக்குக் குனிந்தார். என்னை நன்றாகத் தெரிந்தவர். யாரை ஏற்றி வந்தாலும் அவருக்குப் பதில் சொல்வது நான்தான், வழக்கம் அப்படி. “யாருண்ணே, எங்க போறாங்க?” என்றார்.

கண்ணாடியைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

இவள் சொன்னாள். எந்த நாடு, எந்த ஏரி, என்ன வேலை, எல்லாம். “பாட்டில் தூக்கத்தான் போறேன்” என்று சிரித்தாள். அதைச் சொல்ல இவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. காவலர் என் பக்கம் திரும்பி, “தொண்ட கட்டிக்கிச்சாண்ணே?” என்றார். தலையாட்டினேன்.

திரும்பும்போது ஒருவர் ஏறினார். யாரை விட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டார். தங்கச்சி பொண்ணு என்றேன். என்ன படிக்கப் போகிறாள் என்றார். படகு, நடு ஏரி, மீன் எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

“அவ வந்து சொல்லுவா சார்.”

அதோடு அந்த ஆள் தூங்கிவிட்டார். எனக்கு வழியெல்லாம் வாய் நமநமவென்று இருந்தது.