வில்வக் கிளையும் பச்சை விளக்கும்

ஐப்பசி கடைசித் திங்கள், இரவு.

நாளைக் காலை பத்து மணிக்கு மருமகள் கவிதாவுக்கு வீடியோவில் இன்டர்வியூ. வேலை கிடைத்தால் இங்கிருந்தே பார்க்கலாம். இல்லையென்றால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவாள். போன் நெட்டில் முகம் நின்று நின்று வருகிறது என்றுதான் மாடியில் புது இன்டர்நெட் பெட்டி வைக்கச் சொன்னோம்.

மாட்ட வந்தவர் எதிர் லாட்ஜின் மொட்டை மாடியில் இருக்கும் ஆன்டெனாவைக் காட்டினார். நடுவில் எங்கள் வில்வ மரம்.

"இது மில்லிமீட்டர் அலைம்மா. வேகம் ஜாஸ்தி. ஆனா இலை குறுக்க வந்தா நின்னுடும். நனைஞ்ச இலைன்னா சுத்தமா வராது. அந்தக் கிளைய வெட்டிடுங்க."

"ஒரு இலையத் தாண்ட முடியாததுக்கா இவ்ளோ பீத்தல்? திங்கக்கிழமைல வில்வத்துல ஒரு இலை கிள்ள மாட்டேன். நீங்க கிளையவே வெட்டச் சொல்றீங்க" என்றேன்.

"பரவால்ல அத்தை" என்றாள் கவிதா. அந்தப் பரவால்லவைக் கேட்டதும் கீழே இறங்கிப் போய்ப் புடவை கொண்டுவந்தேன்.

பழைய நூல் புடவைதான்; அதை முறுக்கி, கிளையை வளைத்து, கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கட்டினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "காத்தடிச்சா நான் பொறுப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இப்போது காற்று கிளம்பிவிட்டது. மேலே கிளை சுவரில் உரசுகிறது. அண்ணாமலையாரே, இலை உன்னோடது, முடிச்சு என்னோடது, ரெண்டையும் நீதான் பாத்துக்கணும்.

இதை எழுதும்போதே உரசல் நின்றுவிட்டது. முடிச்சு இறுகியதா, அவிழ்ந்ததா தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.