ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

ஜூலை 8, செவ்வாய்
வெயில். புழுதிக் காற்று. பிரஸ்ஸில் காலண்டர் ஆர்டர் ஆடிக்குப் பிறகுதான், அரை நாள் வேலை. மதியத்திலிருந்து வண்டி.

இங்கிலாந்து மோட்டார் சைக்கிள், ரெட்டை சிலிண்டர், என்னைவிட மூப்பு. கோழிக்கூண்டாகக் கிடந்ததை எடுத்து ரெண்டு வருஷம். இன்றைக்கு இன்ஜின் மூடிக்குக் ஆயில் கசியாமலிருக்கக் காலண்டர் அட்டையில் கேஸ்கெட் வெட்டினேன். முருகன் வேலில் பாதி உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரி செல்வியிடம் சொல்லக்கூடாது.

டேங்கைத் துடைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு வேம்பார் கடற்கரை வரை போய்வந்தது, பின்சீட்டில் செல்வியோடு. அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

வாங்க: பிளக் 2, பெட்ரோல் டியூப், தைலம்.

ஜூலை 9, புதன்
மேகம். மழை இல்லை. பதினோராவது உதையில் இடது சிலிண்டர் பிடித்தது. வலதுக்கு இன்னும் தூக்கம். சைலன்ஸரில் டொம்மென்று ஒரு வெடி. கைதட்டிச் சிரித்தேன்.

வெளியே வந்தால் தெரு முழுக்க ஆள். பட்டாசுச் சத்தத்துக்குத் திரும்பாத ஊர். ஒத்தையாக, கனமாகக் கேட்டால் மட்டும் இப்படி. எல்லாரும் கம்பெனிகள் இருக்கும் தெற்கே வானத்தில் புகை தேடுகிறார்கள். எதிர்வீட்டு மாரியம்மாக்கா செருப்பில்லாமல் ஓடுகிறாள், கையெல்லாம் மாவு. அவள் மகள் செல்வியோடு பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவள்.

"யக்கா, என் வண்டிதான்!"

நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "போன் போட்டா எடுக்க மாட்டேங்கா தம்பி." உள்ளே போன் விடமாட்டார்கள். அவளுக்கே தெரியும்.

என் செல்வியும் அங்கேதானே இருந்தாள். நான் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்
சாக்குப் போட்டு மூடியாச்சு.

"ஏன் மூடிட்டீக?" என்றாள் செல்வி.

சொன்னேன். வித்துருவோம் என்றேன். சாப்பிட்டு எழுந்தாள். கை கழுவும்போது: "அப்ப எனக்குக் கடல் காட்டுறேன்னது?" தட்டைக் கவிழ்த்துவிட்டு, "ஞாயித்துக்கெளம உதைங்க. அன்னைக்கு எல்லாரும் வீட்லதான இருப்போம்."

இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 12, சனி
வலது பிளக் ஒயரில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு. மாற்றினேன். செல்வி சாயங்காலம் வீடு வீடாக: "நாளைக்குக் காலைல சத்தம் கேட்டா எங்க வீட்டுக்காரர் வண்டி. பதறாதீக."

ஜூலை 13, ஞாயிறு
வானம் பளிச். வாசலுக்கு வாசல் ஆள், தேர் பார்க்கிற மாதிரி. மாரியம்மாக்கா தன் மகளின் கையைப் பிடித்தபடி. "ம், உதைங்க தம்பி."

நாலாவது உதை. முதலில் டொம். ஒருத்தரும் தெற்கே பார்க்கவில்லை. அப்புறம் ரெண்டும் சேர்ந்து ஓட ஆரம்பித்தது. செல்வி சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"யம்மா, விடும்மா. கை வலிக்கு." எதிர்வாசலில் மகள்.

மாரியம்மாக்கா விடவில்லை.