விஜி அண்ணி நீட்டிய மைக்

ஜூன் 10, செவ்வாய்

மூன்று ப்ளவுஸ் தைத்துக் கொடுக்க வேண்டும். மிஷினில் உட்கார்ந்தால் கால் ஓடவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமா என்று இந்த நோட்டை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயில் விஜி அண்ணியின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். என் கணவர் தினேஷின் அக்கா அவள். சாப்பாடு முடிந்ததும் பாட்டுக்காக வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தாள். என் ரக்ஷாவை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தினாள். நாலரை வயதுக் குழந்தை.

"கண்ணு, காக்கா கத்துதுன்னு சொல்லு."

ரக்ஷாவுக்குக் 'க' வராது. 'க' வரும் இடத்திலெல்லாம் 'த'தான். "தாத்தா தத்துது" என்றாள். ஹாலே சிரித்தது. நாற்பது பேர் இருப்பார்கள். குழந்தையும் சேர்ந்து சிரித்தாள், தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து. "இன்னொரு தடவ" என்றாள் அண்ணி. மறுபடி சிரிப்பு. மூன்றாவது தடவைதான் குழந்தைக்குப் புரிந்தது. அந்த முகம்... வேண்டாம்.

அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறாள். அடியில் ஒரு வரி: "வீட்ல தமிழ், கன்னடா, இங்கிலீஷ் மூணையும் மிக்ஸில போட்டு அடிச்சா புள்ள இப்படித்தான் பேசும்."

நான் என்ன செய்தேன்? எல்லோரோடும் சேர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்கூல் மிஸ் கூப்பிட்டார். மூன்று நாளாக ரக்ஷா வாயே திறக்கவில்லையாம். பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்காமல் யூனிஃபார்மிலேயே போய்விட்டாளாம். தெருவிலும் கடையிலும் விரலை மட்டும் நீட்டுகிறாள். வீட்டில் மட்டும்தான் பேச்சு, அதுவும் என் காதருகில்.

தினேஷ் பீன்யாவில் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "விடு ரூபினி. அக்கா விளையாட்டுக்குத்தானே செஞ்சாங்க."

விளையாட்டு. ஆகஸ்ட் 17 அவள் மகனுக்குப் பிறந்தநாள். அதே ஹால், அதே ஜனம். அன்றைக்கு என் பெண் அதே மைக்கில் காக்கா என்று சொல்வாள். சொல்ல வைப்பேன்.

ஜூன் 21, சனி

காக்ஸ் டவுனில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஸ்ரீலக்ஷ்மி மேடத்தைப் பார்த்தோம். பயப்பட ஒன்றும் இல்லை, நிறையக் குழந்தைகளுக்கு இப்படி இருக்கும் என்றார். 'க' சொல்ல நாக்கின் பின்பக்கம் மேலே எழ வேண்டும்; இவளுக்கு நுனி முந்திக்கொள்கிறது. ஐஸ்கிரீம் குச்சியால் நுனியை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் வெறும் 'க்' மட்டும். அது வந்த பிறகு 'கா'. அதற்குப் பிறகுதான் வார்த்தை.

"பத்து நிமிஷம் போதும். விளையாட்டா செய்யணும். தப்புன்னு சொல்லாதீங்க. நீங்க சரியா ஒரு தடவ சொல்லிக் காட்டிட்டு விட்டுடுங்க."

மூன்று மொழி பேசுவதால் இது வராது என்றும் சொன்னார். அதை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 30

க். இன்று வந்தது. ஒரே ஒரு தடவை, இருமல் மாதிரி. இரண்டு பேரும் கட்டிலில் குதித்தோம்.

ஜூலை 9, புதன்

கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஞாபகம் வந்தது. விஜி அண்ணிக்கு 'ழ' வராது! பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள், எல்லாம் 'ள'தான். எனக்கும் சுத்தமாக வராது, அது வேறு விஷயம். ரக்ஷா 'கா' சொல்லும்போது பக்கத்தில் நானும் நாக்கை மடித்துக்கொண்டிருக்கிறேன். வாழை. பழம். தாழம்பூ.

ஜூலை 22, செவ்வாய்

இன்று நாற்பது நிமிடம். நாள் நெருங்குகிறதே! 'கா' தனியாக வருகிறது, 'காக்கா' என்றதும் தாத்தாவாகிவிடுகிறது. ஐந்தாவது தடவை என் வாயிலிருந்து வந்துவிட்டது: "ஒழுங்கா சொல்லு, இல்லன்னா அத்தை மறுபடியும் சிரிப்பாங்க."

குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்பாட்டுக்குக்கூட எடுக்கவில்லை.

ஜூலை 26, சனி

மேடத்தின் எதிரில் நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றாள். "வீட்ல யாராவது திட்டுறாங்களா?" என்று கேட்டார்.

விஜி அண்ணி பெயரைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 6

பிறந்தநாளுக்குப் போட அண்ணியின் ப்ளவுஸ் என்னிடம்தான் வந்திருக்கிறது. கைச் சுற்றை அரை இஞ்ச் குறைத்துத் தைத்தேன். கையைத் தூக்க முடியாமல் அன்றைக்குப் பூரா தவிக்கட்டும். பிறகு பிரித்துச் சரியாகவே தைத்துவிட்டேன். என் தையலுக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே.

ஆகஸ்ட் 16, சனி

காக்கா! கத்துது! சுத்தமாக, அடுத்தடுத்து நாலு தடவை. நாளைக்கு நாளைக்கு நாளைக்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேக் வெட்டியதும் மைக் வந்தது. "எங்க நம்ம காக்கா பொண்ணு?" என்றாள் அண்ணி. ரக்ஷா என் துப்பட்டாவுக்குள் போய்விட்டாள். தூக்கி நாற்காலிமேல் நிறுத்தினேன். இந்தத் தடவை நிறுத்தியது அண்ணி இல்லை. நான்.

"நேத்து சொன்னல்லடா செல்லம், அதே மாதிரி."

மைக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாட்டேன்" என்றாள்.

"பாவம், இன்னும் வரல போல. விடு ரூபினி, வளந்தா சரியாயிடும்." அண்ணி என் தோளைத் தட்டினாள். அந்தத் தட்டல்தான் தாங்கவில்லை. மைக்கை வாங்கினேன்.

"அண்ணி, நீங்க ஒண்ணு சொல்லுங்களேன். வாழைப்பழம்."

யோசிக்காமல் சொன்னாள். "வாளப்பளம்."

"வாழைப்பழம், அண்ணி. இன்னொரு தடவ."

"வாளப்பளம்." யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அவள் மகன்தான் அதிகம். "அம்மாக்கு வரல, அம்மாக்கு வரல" என்று குதித்தான். மூன்றாவது தடவையும் கேட்டேன். எண்ணிக்கொண்டுதான் கேட்டேன். அவள் சொல்லவில்லை. கழுத்து சிவந்து, உதடு ஒரு பக்கம் இழுத்து... எழுபது நாள் அந்த முகத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

பஸ்ஸில் தினேஷ் தனி சீட்டில் உட்கார்ந்தார். ரக்ஷா என் காதில் சொன்னாள்: "அத்தை ரூம்ல அழுதாந்தம்மா. நான் பாத்தேன்."

ஆகஸ்ட் 19

வருத்தம் வரவில்லை. பொய் எழுத மாட்டேன், இனித்தது. நேற்றெல்லாம் இனித்தது. இன்று காலை 'கா' விளையாடலாமா என்று கூப்பிட்டேன். "இன்னிக்கி யாரைம்மா சிரிக்க வைக்கணும்?" என்று 'த'வில் கேட்டாள். குச்சியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். வீட்டில் திட்டியது நான்தான் என்று. அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதுவே அவமானமாக இருந்தது. "ரெண்டு வாரம் எதுவும் சொல்லித்தர வேணாம். அவ பேசறதை மட்டும் கேளுங்க" என்றார்.

ஆகஸ்ட் 29

அண்ணி அந்த வீடியோவை அழித்துவிட்டாள். போனில் அவள் பெயர் வரை போனேன், மூடிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது முதலில் அவள்தானே?

செப்டம்பர் 6, சனி

காலையில் ஜீவனஹள்ளி முனையில் கீரை விற்கும் லட்சுமம்மாவின் வண்டிக்குப் போனோம். நான் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். லட்சுமம்மா குழந்தையைப் பார்த்து, "ஏனு பேக்கு புட்டி?" என்று கன்னடத்தில் கேட்டாள், என்ன வேணும் பாப்பா என்று. வழக்கம்போல் பதிலை எதிர்பார்க்காமல்தான்.

"கொத்தமல்லி" என்றாள் ரக்ஷா. சத்தமாக. "ஒரு தட்டு."

லட்சுமம்மா ஒரு கட்டை உதறி அவள் கையில் கொடுத்தாள். 'கட்டு' என்று திருத்த எனக்கு வாய் வரை வந்தது. கறிவேப்பிலையும் கேட்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டிக்கு அடியில் ஒரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. எந்தக் குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். எதிரில் வந்தவர்களிடமும் சொன்னாள்.